பினாங்கில் வரைந்தால் ஓவியம், எங்கள் ஊரில் எழுதினால் கிறுக்கலா?

எங்கள் ஊர் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள தென் செபராங் பிறைப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. கடைவீதி என்று இரண்டே வரிசைக் கடைகள், அதற்குப் பின்னால் சாக்கடை ஓடும் ஒரு சந்து. அந்தச் சந்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வருடம் தன் கடையின் பின்சுவரில் சொந்தக் காசில் ஒரு படம் வரையச் செய்தார். பால்மரம் சீவும் ஓர் அம்மா, தலையில் துணிக்கட்டு, நெற்றியில் விளக்கு, கையில் மரம் சீவும் கத்தி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் ஒரு காலையில் பார்த்தால், அந்த அம்மாவின் சேலைமேல் சிவப்பு மையில் மூன்று எழுத்தும் ஒரு நம்பரும். எவனோ ராத்திரியில் வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான். ஊர் வாட்ஸாப் குழுவில் அன்று முழுக்க இதே பேச்சுதான். "யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று ஒருவர், "போலீஸில் சொல்லுங்கள்" என்று இன்னொருவர். மூன்றாம் படிவம் படிக்கும் என் அக்கா மகள் மட்டும் என்னிடம் நேராகக் கேட்டாள்: "ஏன் மாமா, பினாங்குல செவுத்துல வரைஞ்சா டூரிஸ்ட் வந்து கியூ நிக்கிறாங்க, இங்க எழுதினா மட்டும் திட்டுறீங்க? ரெண்டும் ஒண்ணுதானே?"

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடுவோம். அழகாக இருந்தால் தெரு ஓவியம், அசிங்கமாக இருந்தால் கிராஃபிட்டி, அதாவது சுவர்க் கிறுக்கல், என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். அது சரியில்லை. அசிங்கமான தெரு ஓவியம் நம் நாட்டில் எத்தனையோ இருக்கிறது (பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள்). பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலத் தோன்றும் கிராஃபிட்டியும் இருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கேள்வி கேட்டால் போதும். சுவர்க்காரர் சம்மதித்தாரா? இதை யார் படிக்க வேண்டும் என்று எழுதினார்கள்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குலையை வெட்டி இறக்கியதும், அதன் காம்பைக் கட்டையாக நறுக்கி, வெட்டிய முகத்தில் வெட்டுக்காரர் தன் நம்பரை எழுதுவார். பச்சைக் காம்பு, ஈரம் கசியும், அதன்மேல் அவசரமாக ஒரு 14 அல்லது 27. ரோட்டோரம் குலைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், மண்டோர், அதாவது கங்காணி, வந்து அந்த நம்பரைப் பார்த்துக் கணக்கெழுதுவார். வழியில் போகிற நமக்கு அது வெறும் நம்பர். மண்டோருக்கும் மற்ற வெட்டுக்காரர்களுக்கும் மட்டும், இன்றைக்கு யார் எவ்வளவு வெட்டினார், யார் காயை வெட்டித் தள்ளினார் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கிராஃபிட்டியின் அடிப்படை வடிவமான 'டேக்' கிட்டத்தட்ட இதுதான். ஒரு பெயர், பல சமயம் கூடவே ஒரு நம்பர், கையெழுத்துப் போல ஒரே வீச்சில். நியூயார்க்கில் 1970-ஐ ஒட்டி டிமெட்ரியஸ் என்ற கிரேக்க வம்சாவளிப் பையன் ஒருவன் கடிதம், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் நகரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் டாக்கி, வீடு இருந்தது 183-ஆம் தெருவில். போகிற இடமெல்லாம் 'டாக்கி 183' என்று எழுதிவைத்தான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றிச் செய்தி போட்டது. அப்புறம் என்ன, ஊரிலிருந்த பையன்கள் எல்லாம் மார்க்கரும் ஸ்பிரே டப்பாவும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், சில வருடத்தில் சுரங்க ரயில் பெட்டிகளில் எழுத இடம் மிச்சமில்லை. நியூயார்க்குக்கு முன்பே ஃபிலடெல்ஃபியாவில் இது தொடங்கிவிட்டது என்பதும் உண்மைதான், ஆனால் பேர் வாங்கியது டாக்கி.

கவனியுங்கள், டாக்கி 183 என்பதை நானோ நீங்களோ படிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. எழுதுகிற இன்னொருவன் பார்க்க வேண்டும், 'அட, இவன் இங்கேயும் வந்திருக்கிறானே' என்று அவன் வாய் பிளக்க வேண்டும். அதனால்தான் எட்டாத இடம், ஆபத்தான இடம், ஓடும் ரயில் என்று தேடித்தேடி எழுதுவார்கள். நமக்குப் படிக்க வராவிட்டால் அது அவர்கள் குறை இல்லை. தங்களை 'ஓவியர்' என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை, 'ரைட்டர்' என்பார்கள், எழுத்தாளர்!

தெரு ஓவியத்தின் சங்கதி வேறு. அது வழிப்போக்கர் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்துகிறது. சைக்கிள், பூனை, குழந்தை என்று யாருக்கும் புரிகிற உருவம், படிப்பே வேண்டாம்.

இந்த எழுதும் ஆசை புதிதும் இல்லை. 'கிராஃபிட்டி' என்ற சொல்லே கீறுவது என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, நம் கீறல், கிறுக்கல் மாதிரி. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரச் சுவர்களில் ஆயிரக்கணக்கில் கீறல்கள் கிடைத்திருக்கின்றன. இத்தனை பேருடைய உளறலைத் தாங்கிக்கொண்டு இடிந்து விழாமல் நிற்கிறாயே சுவரே என்று அதே சுவரில் ஒருவன் எழுதிவைத்த வரியும் அதில் ஒன்று. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. எகிப்தில் செங்கடலோரம் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தோண்டியபோது, சுமார் 2000 வருடத்துக்கு முந்தைய பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்று பெயர்கள் கீறியிருந்தன. இன்னொரு ஓட்டில் 'பானை உறி' என்று பொருள்படும் எழுத்து. தன் பானையை அடுத்தவன் எடுத்துவிடக் கூடாதே என்று கப்பலில் போன ஒரு தமிழன் பெயர் போட்டு வைத்திருக்கலாம். தொல்லியல்காரர்கள் ஆங்கிலத்தில் இந்தப் பானைக் கீறல்களையும் கிராஃபிட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, கிராஃபிட்டியில் வகைகள் உண்டு. டேக் என்பது ஐந்து வினாடி வேலை. 'த்ரோ-அப்' என்றால் பலூன் மாதிரி ஊதிய எழுத்து, இரண்டு நிறம், சில நிமிடம். 'பீஸ்' என்பது பல நிறத்தில், நிழல் வைத்து, மணிக்கணக்கில் செய்வது. இதில் எழுத்தை எழுத்துக்குள் முறுக்கிப் பின்னிவிடுவார்கள், ஜாங்கிரி பிழிந்த மாதிரி. அட்டையில் உருவத்தை வெட்டி, சுவரில் வைத்து மேலே ஸ்பிரே அடித்தால் 'ஸ்டென்சில்'. பாரிஸில் 1980-களின் தொடக்கத்தில் பிளெக் லெ ராட் என்பவர் எலிகளை இப்படி அச்சுக் குத்தினார், பிறகு இங்கிலாந்தின் பேங்க்ஸி அதை உலகப் பிரபலமாக்கினார். மற்ற வகைகளை விட்டுவிடலாம், தொடங்குகிறவர்களுக்கு இது போதும்.

இப்போது பினாங்கு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நிபோங் திபாலில் கொமுட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, இறங்கினால் பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுன். ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டிகளை நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த கப்பல்கள் நின்ற துறைமுகம் அது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் வைத்தது. அதற்குப் பிறகுதான் அதன் சுவர்களில் கூட்டம் மொய்க்கத் தொடங்கியது, அதுவும் இரண்டு அலையாக.

முதல் அலை இரும்புக் கம்பி. சுவரில் கறுப்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரம் மாதிரி செய்து மாட்டியிருப்பார்களே, அது மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற திட்டம், மொத்தம் 52 சித்திரங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்லும். காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ சின்ன வயதில் தொழில் பழகிய இடத்தில் அவரைப் பற்றிய சித்திரம் இருக்கிறது. பலர் சைக்கிள் படத்தைப் பார்க்கும் அவசரத்தில் இதை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் தெருவைப் படிக்கக் கற்றுத் தருவது இந்தக் கம்பிகள்தான்.

இரண்டாவது அலை 2012. ஜோர்ஜ்டவுன் விழாவுக்காக லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஸகாரேவிச் சில சுவர்களில் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் அக்காவும் பின்னால் கத்திக்கொண்டு வரும் தம்பியும் அவற்றில் ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? பிள்ளைகள் மட்டும்தான் வண்ணம், சைக்கிள் நிஜ சைக்கிள், சுவரில் பதித்தது. பழைய சுவரின் காரை உதிர்ந்த இடம், ஈரக் கறை இவற்றை மறைக்காமல் அப்படியே விட்டு அதன்மேல் வரைந்திருப்பார். அக்காவின் கை நிஜக் கைப்பிடியைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் நம் கண் ஏமாறுகிறது. ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கும் பையனும் இதே தந்திரம்தான். முன்ட்ரி தெருவில் நீல உடைப் பெண் குழந்தை ஒன்று இரண்டு சன்னல் மறைப்பைப் பிடித்துத் தொங்குவாள், அங்கே கட்டடமே விளையாட்டுச் சாமான்.

இதெல்லாம் அழைப்பின் பேரில், அனுமதியோடு நடந்தது. ஆகவே, முதல் கேள்விக்குப் பதில் 'ஆம்', இரண்டாவதுக்குப் பதில் 'எல்லாருக்கும்'. அக்கா மகள் கேட்ட வித்தியாசம் இங்கேதான் நிற்கிறது. ஆனால் இதோடு முடித்துவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன், ஏனென்றால் இதே ஓவியர் அடுத்த வருடமே மாட்டிக்கொண்டார்.

2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் ஒரு கட்டட மூலையில் லெகோ பொம்மைப் பெண் ஒருத்தியை வரைந்தார், கையில் விலை உயர்ந்த பை, நடந்து வருகிறாள். மூலை திரும்பினால் அடுத்த சுவரில் முகமூடி போட்ட லெகோ திருடன் கத்தியோடு காத்திருக்கிறான். ஊரில் வழிப்பறி அதிகம் என்று எல்லாரும் முணுமுணுத்ததை அவர் சுவரில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஊரின் பெயர் கெடுகிறது என்று நகர நிர்வாகம் வெள்ளையடித்தது. அதற்குள் படம் இணையத்தில் பரவி, ஆளாளுக்கு நகல் எடுத்து வேறு இடங்களில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆக, அழகும் இருந்து, எல்லாருக்கும் புரிந்தும், சொன்ன சங்கதி பிடிக்காவிட்டால் தெரு ஓவியம் ஒரே நாளில் 'கிறுக்கல்' ஆகிவிடும். சைக்கிளில் போகும் பிள்ளைகளை யாரும் அழிக்கமாட்டார்கள், அது யாரையும் உறுத்தாது. எனக்கு அந்தச் சைக்கிள் பிடிக்கும், ஆனாலும் லெகோ திருடன்மேல்தான் மரியாதை அதிகம்.

அதே மாதம் நியூயார்க்கில் இன்னொரு கூத்து. '5 பாயின்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் உரிமையாளரே பல வருடம் கிராஃபிட்டி எழுத விட்டிருந்தார், பிறகு இடித்து அடுக்குமாடி கட்ட முடிவெடுத்து, ஒரு ராத்திரியில் மொத்தத்துக்கும் வெள்ளையடித்துவிட்டார். எழுதியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. சுவர் அவருடையது, மேலே இருந்த ஓவியத்தில் வரைந்தவர்களுக்கும் உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். அது அமெரிக்கச் சட்டம், இங்கே கடைப் பின்சுவரை நம்பி யாரும் வழக்குக்குக் கிளம்ப வேண்டாம்.

சுவர் யாருடையது என்ற கேள்வி தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி உறைக்கும். நாங்கள் இருந்த லயத்தில் ஒரு சுவர்கூட எங்களுடையது இல்லை. கம்பெனி வீடு, கம்பெனிச் சுண்ணாம்பு, கம்பெனி சொல்லும் நிறம். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, ரோடு போட்டுவிட்டு மிச்சம் வைத்திருந்த தாரில் குச்சியை முக்கி, தோட்டத்து டிஸ்பென்சரி சுவரில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார், அப்பா அறைந்தார், அப்புறம் நானே சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு பூச்சு அடித்தேன், மறுநாள் பழுப்பாக என் பெயர் திரும்ப வந்து நிற்கிறது. இரண்டாவது பூச்சு, மறுபடியும். தார் சுண்ணாம்பைத் தாண்டிக் கசியும் என்பது அப்போது எனக்கும் தெரியாது, கிராணிக்கும் தெரியாது. கடைசியில் மேலே ஒரு தகர போர்டை அடித்து மறைத்தார்கள்.

இதே சுண்ணாம்புதான் ஜோர்ஜ்டவுனிலும் ஒரு தலைவலி. பழைய கடைவீட்டுச் சுவர்கள் செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தக் காரை வழியாக வெளியே ஆவியாகிவிடும், சுவர் மூச்சு விடுகிறது என்பார்கள். அதன்மேல் அக்ரிலிக் பெயின்டை அப்பினால் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி, ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பெயின்டோடு சேர்ந்து பெயர்ந்து விழும். ஆகவே மரபுடைமைக் கட்டடத்தில் அழகான ஓவியம்கூடச் சுவருக்குக் கெடுதியாக முடியலாம். வெயிலும் கடற்காற்றும் தனி. சியூ ஜெட்டியில் படகில் இரண்டு குழந்தைகள் இருக்கும் ஓவியம் மங்கி உரிந்து போனதை, முதலில் பார்த்துவிட்டுப் பிறகு போனவர்களுக்குத் தெரியும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அடுத்தவர் சுவரில் கேட்காமல் எழுதுவது நம் நாட்டிலும் குற்றம்தான். பக்கத்துச் சிங்கப்பூரில் 1966-லிருந்தே இதற்கென்று தனிச் சட்டம், பிரம்படி உட்பட. 1994-இல் அமெரிக்க இளைஞன் ஒருவனுக்கு 4 பிரம்படி கொடுத்தபோது அமெரிக்க அதிபரே கேட்டுக்கொண்டும் அடி நிற்கவில்லை, ஆறு நான்காகக் குறைந்தது, அவ்வளவே.

அப்புறம், ஆலோங் எனப்படும் கள்ள வட்டிக்காரர்களின் ஆட்கள் கடன் வாங்கியவர் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவதையும், விளக்குக் கம்பத்தில் போன் நம்பர் ஒட்டுவதையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். சாயம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சாயம் ஊற்றுவது மிரட்டல், நம்பர் ஒட்டுவது விளம்பரம். எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் பாதிப் பயம் அதனால்தான் வந்தது, சிவப்பைப் பார்த்ததும் யார் கடன் வாங்கினார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்கார அண்ணன் பாவம், 'நான் யாருகிட்டயும் கடன் வாங்கலப்பா' என்று குரல் பதிவு போட்டார்.

எங்கள் ஆட்களுக்கென்று இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸகாரேவிச் 2018-இல் சுமத்ராவில் ஒரு செம்பனைத் தோட்டத்தையே சுவராக எடுத்துக்கொண்டார். சுமார் 1,100 செம்பனைகளை வெட்டிச் சாய்த்து, அரை கிலோமீட்டர் நீளத்துக்கு எஸ்ஓஎஸ் என்று எழுதினார், ஆபத்தில் இருக்கும் கப்பல் அனுப்பும் அதே மூன்றெழுத்து. மேலே இருந்து பார்த்தால்தான் படிக்க முடியும். காடு அழிந்து ஒராங் உத்தான்கள் அல்லாடுவதைச் சொல்ல அப்படிச் செய்தார். அந்த நிலம் மறுபடியும் காடாக்குவதற்காக எடுக்கப்பட்டது, ஆகவே அனுமதியோடுதான். அந்தப் படத்தை அக்கா மகளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குலைக்காம்புல நம்பர் எழுதுறதுக்குப் பதிலா மரத்தையே எழுத்தாக்கிட்டாரு" என்றாள். எனக்கு இது தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அந்தச் சந்துக்குப் போனோம். கடைக்கார அண்ணன் ஏணியில் நின்று சேலையின்மேல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எழுதியவன் யார் என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அவன் தொழில் தெரிந்தவன். சாதாரண ஸ்பிரே இல்லை, கசியும் மை. "மூணாவது கோட்டு தம்பி இது," என்றார் அண்ணன், "இன்னும் ரோஸ் கலர்ல தெரியுது பாரு." நான் டிஸ்பென்சரிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தகரம் எல்லாம் அடிக்க முடியாது என்றார், பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். அக்கா மகள் கீழே நின்று அந்த நம்பரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது நம்ம ஊரு போஸ்கோடோட கடைசி மூணு நம்பர்."